சாரணர் இயக்கமும் நம் பங்குச் சிறுவர்களும்



புதுநன்மை வாங்கிய சிறுவன் அதன் பிறகு கோவிலில் என்ன செய்கிறான் என்று எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? எட்டு, ஒன்பது வயதில் வெள்ளைச் சட்டை போட்டு, மெழுகுதிரி ஏந்தி, ஊரே பார்க்க முதல் வரிசையில் நின்றவன், பத்து வயதில் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறான். பன்னிரண்டு வயதில் பூசை முடியும்வரை வண்டிகள் நிற்கும் இடத்தில் கைப்பேசியோடு நிற்கிறான். நான்கைந்து பேர் பீடச் சிறுவர்களாக நிலைத்துவிடுகிறார்கள். மற்றவர்களை நாம் மறுபடி தேடுவது உறுதிபூசுதல் வகுப்புக்குப் பெயர் எழுதும்போதுதான். இந்த ஐந்தாறு ஆண்டுகளில் அவனுக்குத் திருச்சபை கொடுக்கும் வேலை என்ன? "சத்தம் போடாதே, அமைதியாக உட்கார்" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை என்றே சொல்லவேண்டியிருக்கிறது.

உலகின் பல நாடுகளில் கத்தோலிக்கப் பங்குகள் இந்த இடைவெளியைச் சாரணர் இயக்கத்தைக் கொண்டு நிரப்பியிருக்கின்றன. நம் நாட்டிலோ அது பெரும்பாலும் பள்ளிக்கூடத்து விஷயமாகவே நின்றுவிட்டது. ஆயர் வரும்போதும் மாவட்ட ஆட்சியர் வரும்போதும் கழுத்தில் ஸ்கார்ப் கட்டிக்கொண்டு வெயிலில் வரிசையாக நின்று சல்யூட் வைக்கும் பிள்ளைகள்தான் சாரணர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். என் கருத்தில் இது அந்த இயக்கத்துக்கு நாம் செய்யும் அநியாயம். வரவேற்பு அணிவகுப்பு அதன் மேல்தோல்கூட அல்ல.

அதன் உள்ளே இருப்பது என்ன? இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பிரித்தானியப் படைத்தளபதி. 1899-1900 ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவின் மாபெகிங் நகரம் முற்றுகையில் இருந்தபோது, அங்கிருந்த சிறுவர் படை கடிதங்களைக் கொண்டு சேர்ப்பது போன்ற பொறுப்புகளைத் தளராமல் செய்ததை அவர் பார்த்தார். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்சி என்ற சிறு தீவுக்கு இருபது பேரளவில் சிறுவர்களைக் கூட்டிச் சென்று ஒரு வாரம் முகாம் நடத்தினார். அவர்களில் ஒரு பகுதியினர் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பெரிய பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். மற்றவர்கள் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இவ்விரு சாராரும் ஒரே கூடாரத்தில் படுப்பது சாதாரணக் காரியம் அல்ல. அவர்களைக் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். அடுத்த ஆண்டு, 1908இல், அவருடைய நூல் வெளிவந்தது. யாரும் அழைக்காமலேயே சிறுவர்கள் தாங்களாக அணி சேரத் தொடங்கினார்கள்.

இயக்கத்தின் முதுகெலும்பு இந்த அணி முறைதான். ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி. கூடாரம் எங்கே போடுவது, யார் விறகு பொறுக்குவது, யார் சமைப்பது, சண்டை வந்தால் எப்படித் தீர்ப்பது என்பதெல்லாம் அவர்கள் கையில். பெரியவர் கூடவே இருப்பார், ஆனால் ஒதுங்கி இருப்பார். சோறு குழைந்தால் குழைந்த சோற்றைத்தான் எல்லாரும் சாப்பிடவேண்டும். நம் வீடுகளில் பதின்மூன்று வயதுப் பையனுக்கு இன்னும் தட்டில் போட்டுக் கொடுத்து, தட்டையும் நாமே எடுத்து வைக்கிறோம். இது அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஐயாயிரம் பேர் பசியோடு இருந்த இடத்தில் ஆண்டவர் ஒரு சிறுவனின் கையில் இருந்த வாற்கோதுமை அப்பங்களை வாங்கிக்கொண்டார் (யோவா 6:9). சின்னப் பையன், இவனிடம் என்ன இருக்கிறது என்று ஒதுக்கவில்லை.

நம் நாட்டில் இந்த இயக்கம் 1909இல் பெங்களூரில் வேரூன்றியது. ஆனால் ஆங்கிலேய, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டுமே அதில் இடம் இருந்தது. இந்தியப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள ஆட்சியாளர்கள் தயங்கினார்கள். எல்லாச் சாரணரும் உடன்பிறப்புகள் என்று உறுதிமொழி சொல்லிவிட்டு, தோலின் நிறத்தைப் பார்த்துக் கதவை அடைத்தார்கள். 1917இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேல் ஆகியோர் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சங்கமே தொடங்கினார்கள். மறு ஆண்டு அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, இருதயநாத் குன்ஸ்ரு போன்றோர் சேவா சமிதி சாரணர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1921இல் பேடன் பவல் நேரில் வந்து பார்த்த பிறகே கதவு திறந்தது. விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7 அன்று பிரிந்து கிடந்த சாரணர் அமைப்புகள் இணைந்தன. 1951 ஆகஸ்ட் 15 அன்று பெண்களுக்கான அமைப்பும் சேர்ந்தது. இன்று நாம் அறிந்துள்ள பாரத சாரண சாரணியர் இயக்கம் இப்படி உருவானதே. 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் நடந்த வைரவிழாப் பெருந்திரளணி இந்த இயக்கத்தினுடையதுதான்.

இதில் பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்களைக் குருளையர் என்கிறோம். குருளை என்றால் விலங்கின் குட்டி. கிப்ளிங்கின் காட்டுக் கதையில் ஓநாய்க் கூட்டத்தில் வளரும் மௌக்ளியை வைத்து அவர்களுடைய விளையாட்டுகள் அமைந்தவை. பத்து முதல் பதினேழு வரை சாரணர். அதற்கு மேல் திரிசாரணர். நான் முக்கியமாகப் பேசுவது குருளையரைப் பற்றியும், சாரணரின் முதல் மூன்று நான்கு ஆண்டுகளைப் பற்றியும்தான். புதுநன்மைக்குப் பின் நாம் தொலைக்கும் பையன் இந்த வயதில்தான் இருக்கிறான்.

திருச்சபை இதை முதலில் எப்படிப் பார்த்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. தயக்கத்தோடுதான் பார்த்தது. தொடங்கியவர் ஆங்கிலிக்கச் சபைக் குருவின் மகன். இயக்கமோ ஆங்கில நாட்டுச் சரக்கு. பிரான்சில் பல கத்தோலிக்கர்கள் இதைப் பிரிவினைச் சபையாரின் தந்திரம் என்றே சந்தேகித்தார்கள். அந்த நேரத்தில் ஜாக் செவேன் என்ற இளம் இயேசு சபைத் துறவி, கேள்விப்பட்டதை வைத்துத் தீர்ப்பிடாமல், 1913இல் இங்கிலாந்துக்கே போய் முகாம்களைப் பார்த்து, பேடன் பவலையும் சந்தித்துப் பேசினார். இயற்கையை நேசித்தல், தூய்மை, பிறருக்கு உதவி, உடன்பிறப்பு உணர்வு ஆகிய சாரணர் சட்டத்தின் கூறுகளில் நற்செய்திக்கு முரணானது எதுவும் இல்லை என்பதும், நற்செய்தி அதற்கு ஆழம் கொடுக்கும் என்பதும் அவருடைய முடிவு. 1920இல் பிரான்சின் கத்தோலிக்கச் சாரணர் அமைப்பு பிறந்தது. சில ஆண்டுகளிலேயே அவர் தலைமைப் பொறுப்புகளிலிருந்து விலக்கப்பட்டார் என்பது வேறு கதை. முறுமுறுக்காமல் வேலையைத் தொடர்ந்தார். 2012இல் திருச்சபை அவரை வணக்கத்திற்குரியவர் என்று அறிவித்தது. உலகக் கத்தோலிக்கச் சாரணர் அமைப்புக்குத் திருப்பீடத்தின் ஏற்பு 1962இல் கிடைத்தது.

இத்தாலியில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அங்கே 1916 முதல் கத்தோலிக்கச் சாரணர்கள் இருந்தார்கள். முசோலினிக்குப் பிள்ளைகள் எல்லாரும் தன்னுடைய பாசிச இளைஞர் படையில்தான் இருக்கவேண்டும் என்று ஆசை. 1927-28இல் சாரணர் அமைப்புகளைத் தடைசெய்து கலைத்தார். மிலான், மோன்சா நகரங்களைச் சேர்ந்த சில இளைஞர்கள் கலையவில்லை. 'திரியும் கழுகுகள்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, மலைப் பள்ளத்தாக்குகளில் இரகசியமாக முகாம் போட்டு, உறுதிமொழியைக் காத்தார்கள். ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள்! 1943இல் நாசிப்படை வட இத்தாலியைப் பிடித்தபோது, அதே மலைப்பாதைகள் வழியாக யூதர்களையும், தப்பியோடிய கைதிகளையும், தேடப்பட்டவர்களையும் சுவிட்சர்லாந்து எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அருள்தந்தை அந்திரேயா கெத்தி போன்ற குருக்களும் உடன் இருந்தார்கள். காப்பாற்றப்பட்டவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். சிறு வயதில் கற்ற வரைபடமும் முடிச்சும் பாதை தேடுதலும் அப்போது உயிர் காக்கப் பயன்பட்டன. போலந்து நாட்டுச் சாரணரும் குருவுமான ஸ்டெபான் வின்சென்டி பிரெலிகோவ்ஸ்கி, தாஹாவ் வதைமுகாமில் டைபஸ் காய்ச்சல் கண்ட கைதிகளுக்குப் பணிவிடை செய்து, அதே காய்ச்சலில் 1945 பிப்ரவரியில் இறந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999இல் அவரை அருளாளராக உயர்த்தினார்.

இவ்வளவு பெரிய கதைகளைச் சொன்னதும், ஆட்டையாம்பட்டிப் பக்கத்துப் பையனுக்கு இதனால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

நம் சேலம்-நாமக்கல் சமவெளியில் ஊருக்கு ஊர் திறந்த பாசனக் கிணறுகள். கோடை விடுமுறை வந்தால் பையன்கள் கிணற்றடியில்தான் இருப்பார்கள். நீச்சல் தெரியாத ஒருவன் மூழ்கும்போது அவனைக் காப்பாற்றக் குதித்த இரண்டாவது பையனும் சேர்ந்து போவதை நாம் செய்தித்தாளில் எத்தனை முறை படித்துவிட்டோம்! சாரணனுக்கு முதலில் சொல்லித்தருவது, குதிக்காதே. கயிற்றை எறி, கயிறு இல்லாவிட்டால் வேட்டியை எறி, ஆளைக் கூப்பிடு என்பதுதான். போலைன் என்று ஒரு முடிச்சு உண்டு. அதில் போடும் வளையம் எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. மூழ்குபவனின் அக்குளுக்குக் கீழே மாட்டி மேலே இழுத்தால் நெஞ்சை நெரிக்காது. பத்து வயதுப் பையன் ஒரு மாலையில் கற்றுக்கொள்வான். கையால் முறுக்குச் சுற்றிப் பெயர் வாங்கிய ஊர் இது. இந்த ஊர்ப் பிள்ளைகளின் விரலுக்கு முடிச்சுப் போட யாரும் பெரிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டை முளையில் கட்டவும், வண்டியில் பாரம் கட்டவும் நம் தாத்தாமார் போடும் முடிச்சுகளில் பாதி சாரணர் புத்தகத்தில் வேறு பெயரோடு இருக்கின்றன. அவர்களையே கூப்பிட்டுச் சொல்லித்தரச் சொல்லலாம்.

தினம் ஒரு நற்செயல் என்ற பழக்கமும் அப்படித்தான். சில நாடுகளில் பிள்ளைகள் ஸ்கார்ப் நுனியில் காலையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, நற்செயல் செய்த பிறகே அவிழ்ப்பார்கள். மறைக்கல்வி வகுப்பில் நல்ல சமாரியன் உவமையை நாம் ஆண்டுதோறும் சொல்லித்தருகிறோம், பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள். அவிழாத முடிச்சோடு மாலையில் வீடு திரும்பும் பையனுக்கு அந்த உவமை வேறுவிதமாகப் புரியும்.

இடக்கையால் கைகுலுக்குவது சாரணர் மரபு. இடக்கை இதயத்துக்கு அருகில் இருக்கிறது என்று காரணம் சொல்வார்கள். நம் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். பாட்டிமார் திட்டவும் செய்வார்கள். இடக்கையால் காசு கொடுத்தாலே முகம் சுளிக்கும் ஊர் நம்முடையது. பழகிவிடும்.

இப்போது கடினமான ஒன்றைச் சொல்கிறேன். முகாமில் ஓர் அணி ஒரே பானையில் சமைத்து, ஒரே பானையில் இருந்து சாப்பிடுகிறது. அந்த அணியில் யார் யார் இருப்பார்கள்? பிள்ளைகளையே தேர்ந்துகொள்ளச் சொன்னால் ஒரு தெருப் பிள்ளைகள் ஓர் அணி, காலனிப் பிள்ளைகள் இன்னோர் அணி என்றுதான் பிரிவார்கள். அவர்கள் நம்மைப் பார்த்துக் கற்றது அது. தமிழகத் திருச்சபையில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச் சுவர் எழுப்பிய ஊர்கள் உண்டு. ஆகவே அணிகளைப் பெரியவர்கள்தான் கலந்து அமைக்கவேண்டும். அமைத்த பின் யார் வந்து கேட்டாலும் மாற்றக்கூடாது. "எம் பையன் வெளியில சாப்பிட மாட்டான் ஃபாதர், வயித்துக்கு ஒத்துக்காது" என்று சில தாய்மார் சொல்வார்கள். சில நேரம் அது வயிற்றைப் பற்றிய பேச்சு. சில நேரம் வேறு ஒன்றைப் பற்றியது. இதில் விட்டுக்கொடுத்தால் சீருடை போட்ட இன்னொரு சாதிச் சங்கம்தான் நமக்கு மிஞ்சும். அதற்குத் தொடங்காமலே இருக்கலாம். சீருடைச் செலவும் ஒரு பிள்ளையைத் தள்ளி நிறுத்திவிடக்கூடாது. வின்சென்ட் தே பவுல் சபையார் அதை யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். தட்டு ஏந்தி அறிவிப்புச் செய்யவேண்டாம்.

பங்கு நடத்தும் குழு என்றால் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டுமா? கூடாது என்பேன். பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் வரட்டும். சாரணர் உறுதிமொழியில் கடவுளுக்கும் நாட்டுக்கும் ஆற்றவேண்டிய கடமை முதலில் வருகிறது. விரும்புவோர் கடவுள் என்ற சொல்லுக்குப் பதில் தர்மம் என்று சொல்லலாம் என நம் நாட்டு விதி இடம் கொடுக்கிறது. இயக்கத்தின் பொது வழிபாட்டுப் பாடலும் எல்லாச் சமயத்தாரும் பாடக்கூடியது. மதம் மாற்றும் வேலை இதில் அறவே இல்லை. அந்தச் சந்தேகத்துக்கு இம்மியளவு இடம் கொடுத்தாலும் நம்பிக்கை போய்விடும். நம் பிள்ளைகளுக்குத் திருச்சபை தரவேண்டியதைத் தரட்டும்: முகாம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் மரத்தடியில் திருப்பலி, படுக்கும் முன் அன்றைய நாளை எண்ணிப் பார்க்கும் ஒரு சிறு செபம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜூன் மாதம் இத்தாலியக் கத்தோலிக்கச் சாரணர்களைச் சந்தித்தபோது, பாலங்கள் கட்டுபவர்களாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார்.

பங்கு ஒரு குழுவைப் பொறுப்பேற்பது என்பது கூடத்தின் சாவியைக் கொடுப்பதோடு முடியாது. அமெரிக்காவில் பல கத்தோலிக்கப் பங்குகள் நீண்ட காலமாகச் சாரணர் குழுக்களை ஏற்று நடத்தின. தலைவர்களைத் தேர்ந்து ஒப்புதல் அளிக்கும் கடமை பங்குடையதாக இருந்தது. 2020 பிப்ரவரியில் அந்நாட்டுச் சாரணர் அமைப்பு நொடிப்பு மனு தாக்கல் செய்தது. சிறுவயதில் தாங்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 82,000க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கோரினார்கள். அந்த வழக்கு பங்குகளையும் தொட்டது. நம் திருச்சபையே இந்தப் பாவத்தில் எவ்வளவு தலைகுனிந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே பெற்றோரே, யார் நடத்தினாலும் இவற்றைக் கேளுங்கள். தலைவர் முறையான பயிற்சி பெற்றவரா? எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் உடன் இருப்பார்களா? ஒரு பெரியவர் ஒரு பையனோடு தனியாக இருக்கும் நிலை வருமா? பெரியவர்கள் பிள்ளைகளின் கூடாரத்தில் படுப்பார்களா? சொல்லாமல் கொள்ளாமல் நான் முகாமுக்கு வந்து பார்க்கலாமா? பதில் சொல்லத் தயங்கினால் பிள்ளையை அனுப்பாதீர்கள். பங்குத்தந்தையிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம். விதி அவருக்கும் பொருந்தும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். 1098 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்குங்கள்.

படிப்புக் கெடும் என்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை இரண்டு மணி நேரத்தால் கெடும் படிப்பு ஏற்கெனவே கெட்டிருக்கும். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு உண்டே, குடியரசுத் தலைவர் விருது வாங்கினால் வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. ஒதுக்கீடு இருப்பது உண்மைதான். தறிச் சத்தத்தில் இரவெல்லாம் விழித்திருந்து பிள்ளையைப் படிக்கவைக்கும் தகப்பன் அதைக் கேட்பதில் தவறு காணமாட்டேன். ஆனால் அந்த விருது பல படிகள் ஏறிப் பல ஆண்டுகளில் வருவது. அதற்காக மட்டும் வரும் பையன் இரண்டாவது மழை முகாமிலேயே நின்றுவிடுவான்.

உண்மையான தடை வேறு. பிள்ளைகள் வருவார்கள்; பெரியவர்கள்தான் கிடைக்கமாட்டார்கள். அருட்சகோதரர் யாராவது பார்த்துக்கொள்வார் என்று விட்டால், அவர் மாற்றலாகிப் போகும்போது குழுவும் போய்விடும். பொதுநிலையினர் கையில்தான் இது நிலைக்கும். அன்பியத்துக்கு ஒருவர் என்று கூட வேண்டாம். பொறுமையுள்ள இரண்டு ஆண்கள், பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் மாவட்ட அமைப்பு நடத்தும் அடிப்படைப் பயிற்சிக்குப் போய்வர விடுப்பு எடுக்கக் கூடியவர்கள், சனிக்கிழமை மாலைகளை மூன்று ஆண்டுகளுக்குக் கொடுக்கக் கூடியவர்கள் கிடைத்தால், பன்னிரண்டு பிள்ளைகளோடு தொடங்கலாம். முதல் ஆண்டில் பேண்டு வாத்தியம் வேண்டாம், அணிவகுப்பு வேண்டாம், ஆயருக்கு வரவேற்பும் வேண்டாம், ஆயர் கோபிக்கமாட்டார்.

பெண் பிள்ளைகளுக்கு இல்லையா என்று தாய்மார்கள் கேட்பீர்கள். உண்டு. சிறுமியருக்கு நீலப்பறவையர், வளர்ந்தவர்களுக்குச் சாரணியர். கயிறும் கிணறும் அவர்களுக்கும் பொதுவானவை. அவர்களை நடத்தப் பெண்கள் இருவர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம்.